ஒரே சிப்புக்கு இரண்டு ட்ரைவர்: லினக்ஸில் டிவி கேப்சர் கார்டைச் சரிசெய்வது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விஎச்எஸ் கேசட்டுகள் இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. பெரும்பாலானவை கல்யாணமும் காதுகுத்தும்தான். ஆனால் பாரதக் கூத்தின் படுகளம், எருது விடும் விழா, ஊர்த் திருவிழாக்கள் என வேறு எங்கும் பதிவு இல்லாத காட்சிகளும் அவற்றுக்குள் இருக்கின்றன. நாடாவில் பூஞ்சை ஏறிவிட்டால் மீட்பது கடினம். அதனால் இருக்கிற கருவியைக் கொண்டு இப்போதே கணினிக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது.

இங்கே இந்த வேலைக்குக் கிடைக்கிற கருவிகள் பெரும்பாலும் மூன்று வகை. ஓசூர் வழியாக பெங்களூரு எஸ்பி ரோட்டில் வாங்கி வந்த பழைய டெஸ்க்டாப்பும், கேசட் படத்தைக் கணினிக்குள் வாங்கும் பிசிஐ கேப்சர் கார்டும்; அரசு கொடுத்த மடிக்கணினியும், அதே வேலையைச் செய்யும் ஒரு யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கும்; அல்லது வீடியோ ஸ்டுடியோவில் கிடக்கும் பழைய மெஷின். இவற்றில் லினக்ஸ் போட்டால் வேகம் கிடைக்கும், வைரஸ் தொல்லையும் குறைவு. சிக்கல் வருவது கார்டைச் செருகும்போதுதான். படம் வராது, வந்தால் சத்தம் வராது, இரண்டும் வந்தால் மறுநாள் பூட் செய்ததும் ஒன்று காணாமல் போகும். இதற்கெல்லாம் ‘ட்ரைவர் மோதல்’ என்று ஒரே பெயர் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் வேறு வேறு நான்கைந்து கோளாறுகள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: அந்தச் சாதனத்தை இப்போது யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? இதற்கு விடை தெரியாமல் இணையத்திலிருந்து ட்ரைவர் இறக்கிக் கட்ட (கம்பைல் செய்ய) ஆரம்பித்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

கட்டளைகளை இங்கே எழுத்துக்கு எழுத்து உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். சாய்கோடு, சிறுகோடு, அடிக்கோடு, சமக்குறி எல்லாம் காட்டியபடியே. மாட்யூலை (லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்கிற ட்ரைவர் துண்டை) ஏற்றுவது, இறக்குவது, கோப்பை மாற்றுவது போன்றவற்றுக்கு முன்னால் நிர்வாகி அனுமதிக்கான ‘சூடோ’ தேவை.

சிப்பின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். ட்ரைவர் பார்ப்பது சிப்பை மட்டும்தான். பிசிஐ கார்டு என்றால் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று தட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே இரண்டு வரிகள் வரும். ஒன்று, இப்போது எந்த ட்ரைவர் அதைப் பிடித்திருக்கிறது. இன்னொன்று, எந்தெந்த மாட்யூல்கள் அதைப் பிடிக்கத் தகுதியானவை. இரண்டாவது வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருந்தால் மோதலுக்கு இடம் இருக்கிறது. முதல் வரியே இல்லை என்றால் எந்த ட்ரைவரும் ஒட்டவில்லை.

யுஎஸ்பி ஸ்டிக் என்றால் ‘எல்எஸ்யுஎஸ்பி’ தட்டி நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, நான்கு இலக்கம் கொண்ட அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’. இது மரம் போலக் கிளை பிரித்து, எந்த இடைமுகத்தை எந்த ட்ரைவர் பிடித்திருக்கிறது, எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும். கேப்சர் ஸ்டிக் 480எம் என்று காட்ட வேண்டும். 12எம் என்று காட்டினால் ட்ரைவரைத் தொட வேண்டாம். கேபிளையோ ஹப்பையோ மாற்றுங்கள்.

மூன்றாவதாக, கார்டு ஏறும்போது கெர்னல் என்ன சொன்னது என்பது. ‘டிமெஸ்ஜி -டபிள்யூ’ என்று ஓடவிட்டு, ஸ்டிக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். பத்து இருபது வரிகள் ஓடும். அதை ஒரு கோப்பில் சேமித்துவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் கிடையாது.

பிடி878 கார்டு: சண்டை பெரும்பாலும் இங்கேதான்

செகண்ட் ஹேண்ட் பிசிஐ கார்டுகளில் அதிகம் கிடைப்பது புரூக்ட்ரீ பிடி878 சிப் கொண்டவை. இந்தச் சிப் கணினிக்குத் தன்னை இரண்டு சாதனங்களாகக் காட்டிக்கொள்ளும். முதலாவது வீடியோ, எண் 109இ:036இ. இரண்டாவது ஆடியோ, எண் 109இ:0878. வீடியோ பகுதியை ‘பிடிடிவி’ மாட்யூல் பிடிக்கும். அதில் தகராறு இல்லை. ஆடியோ பகுதிக்குத்தான் இரண்டு பேர் போட்டி: ஒலிக்கான ‘எஸ்என்டி_பிடி87எக்ஸ்’, டிஜிட்டல் டிவி கார்டுகளுக்கான ‘பிடி878’ மாட்யூல். ஆடியோ என்று பெயர் இருந்தாலும், இதே சிப்பை வைத்துச் செய்த டிஜிட்டல் கார்டுகளில் சேனல் தரவு அந்தப் பகுதி வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஒலி மாட்யூல் முந்திக்கொண்டால் டிஜிட்டல் பகுதி செத்துவிடும்.

புதிய கெர்னல்களில் ஒலி மாட்யூல் தனக்குத் தெரிந்த கார்டுகளில் மட்டுமே ஒட்டும். ஆனால் யாரோ எப்போதோ ‘லோட்_ஆல்=1’ என்ற விருப்பத்தை எழுதி வைத்திருந்தால் கண்ணில் பட்ட எல்லா பிடி878-ஐயும் பிடித்துக்கொள்ளும். கைமாறி வந்த மெஷின்களில் இதை முதலில் தேடுங்கள்: ‘கிரெப் -ஆர் பிடி87 /இடிசி/மாட்ப்ரோப்.டி/’.

உங்கள் வேலை கேசட் மாற்றுவது மட்டும் என்றால் முடிவு எளிது. கார்டின் பின்பக்கத்தில் இருந்து ஒலியை எடுக்கவே வேண்டாம். விசிஆரின் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கேபிளை 3.5 மிமீ ஸ்டீரியோ பின்னாக மாற்றும் கேபிளில் கோத்து, மதர்போர்டின் நீல நிற லைன்-இன் துளையில் செருகுங்கள். கார்டின் ஆடியோ பகுதியில் கிடைப்பதைவிட ஒலித் தரமும் அதில் நன்றாகவே இருக்கும். பிறகு ஒலி மாட்யூலை நிறுத்திவிடலாம்.

நிறுத்தும் முறை இது. ‘/இடிசி/மாட்ப்ரோப்.டி/’ அடைவில் ஒரு கோப்பு உருவாக்குங்கள். பெயர் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் ‘.கான்ஃப்’ என்று முடிய வேண்டும். அப்படி முடியாவிட்டால் கோப்பு முழுவதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பிழையும் காட்டாது. அதற்குள் ‘பிளாக்லிஸ்ட் எஸ்என்டி_பிடி87எக்ஸ்’ என்று ஒரு வரி. இங்கே பலரும் இடறுகிற விஷயம் ஒன்று உண்டு. பிளாக்லிஸ்ட் என்பது கார்டைப் பார்த்ததும் தானாக ஏறுவதை மட்டுமே தடுக்கும். வேறொரு மாட்யூல் அதைக் கேட்டாலோ, ஏதாவது ஸ்கிரிப்ட் பெயர் சொல்லி ஏற்றினாலோ ஏறிவிடும். முழுசாகப் பூட்ட வேண்டுமானால் அடுத்த வரியில் ‘இன்ஸ்டால் எஸ்என்டி_பிடி87எக்ஸ் /பின்/ஃபால்ஸ்’ என்று சேருங்கள். அதன் பிறகு யார் கேட்டாலும் அந்த மாட்யூல் ஏறாது.

கோப்பை எழுதியதோடு வேலை முடியாது. மெஷின் பூட் ஆகும்போது முதலில் ஓடும் சிறிய கோப்பு முறைமையில் இந்த அமைப்புகளின் பழைய பிரதி இருக்கும். டெபியன், உபுண்டு, மின்ட் என்றால் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’. ஃபெடோரா என்றால் ‘டிராகட் -எஃப்’. பிறகு ரீபூட். ‘மாட்ப்ரோப் -ஆர்’ கொடுத்து உடனே இறக்கவும் முயலலாம். ஆனால் ஒலி மாட்யூல்களை பைப்வயர் என்ற ஒலிச் சேவை பிடித்துக்கொண்டிருப்பதால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட ரீபூட் செய்வது சீக்கிரம்.

இதே கார்டுகளில் இன்னொரு கோளாறு, தப்பான அடையாளம். மலிவான கார்டுகளில் தன் பெயரைச் சொல்லும் ஈப்ராம் நினைவகம் இருக்காது. அப்போது பிடிடிவி ‘அன்நோன்/ஜெனரிக், கார்டு=0’ என்று எழுதிவிட்டு ஏறிவிடும். கேசட் வேலைக்கு இதுவே போதுமானதாக இருக்கும், ஏனென்றால் மஞ்சள் கேபிள் வழியாக வரும் காம்போசிட் படத்துக்குச் சேனல் பிடிக்கும் ட்யூனர் தேவையில்லை. ‘வி4எல்2-சிடிஎல் -டி /டெவ்/வீடியோ0 --செட்-இன்புட்=1’ என்று கொடுத்து, 0 முதல் 3 வரை ஒவ்வொரு இன்புட்டாக மாற்றிப் பாருங்கள். இந்தக் கட்டளை ‘வி4எல்-யுடில்ஸ்’ பொதியில் இருக்கிறது.

ஆன்டெனா துளையில் செருகும் ஆர்எஃப் கேபிள் மட்டுமே உள்ள பழைய டெக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் ட்யூனர் தேவைப்படும், அப்போது கார்டு எண்ணும் ட்யூனர் எண்ணும் முக்கியம். ஹாப்பேஜ் பிடி878 கார்டுக்கு 10. பினக்கிள் பிசிடிவி ஸ்டுடியோவுக்கு 39. பிலிப்ஸ் எஃப்ஐ1216 வகை, பால்-பிஜி என்ற டிவி முறை ட்யூனருக்கு 5. ‘.கான்ஃப்’ கோப்பில் எழுதும் வரி: ‘ஆப்ஷன்ஸ் பிடிடிவி கார்டு=10 ட்யூனர்=5’. ட்யூனர் என்பது கார்டின் மேல் இருக்கும் தகரப் பெட்டி. அதன் லேபிளில் உள்ள எழுத்தை டார்ச் வைத்துப் படித்துவிட்டு எண் போடுங்கள். குருட்டடியாக எண்களை மாற்றி மாற்றி ஏற்ற வேண்டாம். கார்டு எண்தான் சிப்பின் எந்தக் காலுக்கு எந்தச் சமிக்ஞை போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தப்பான எண் மெஷினையே உறைய வைக்கக்கூடும்.

பிலிப்ஸ் எஸ்ஏஏ7134 சிப் கார்டுகளுக்கும் இதே கதைதான். ‘போர்டு தெரியவில்லை, கார்டு எண் கொடுத்துப் பாருங்கள்’ என்று கெர்னலே சொல்லும். எண் பட்டியல் கெர்னல் ஆவணங்களில் இருக்கிறது. அதில் ஒலிக்கு ‘எஸ்ஏஏ7134_அல்சா’ தனி மாட்யூல். அதை ஏற்றாமல் விட்டால் ஒலி வராது.

டிமெஸ்ஜியில் ‘ஓசிஇஆர்ஆர்’ அல்லது ‘எஸ்சிஇஆர்ஆர்’ என்று மழை போலக் கொட்டினால் அது மாட்யூல் தகராறு ஆகாது. பிசிஐ பஸ்ஸில் தரவு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ‘கேட் /ப்ராக்/இன்டரப்ட்ஸ்’ பார்த்து, கேப்சர் கார்டு ஹார்ட்டிஸ்க்கோடோ நெட்வொர்க் கார்டோடோ ஒரே இன்டரப்ட் எண்ணைப் பகிர்கிறதா என்று கவனியுங்கள். மெஷினை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, கார்டை வேறு ஸ்லாட்டில் போடுங்கள். பழைய கார்டின் தங்க விளிம்பில் தூசியும் பச்சையும் ஏறியிருந்தால் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

ஒரே உறை, ஐந்து வகைச் சிப்

யுஎஸ்பி ஸ்டிக்குகள் விஷயத்தில் ஏமாற்றம் வேறு மாதிரி. ‘ஈசிகேப்’ என்று எழுதிய அதே கறுப்பு உறைக்குள் ஐந்து விதமான சிப்புகள் வருகின்றன. நண்பருக்கு வேலை செய்த வழி உங்களுக்கு வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். அடையாள எண்ணைப் பாருங்கள்.

05இ1:0408 என்றால் எஸ்டிகே1160. 1பி71:3002 என்றால் யுஎஸ்பிடிவி. இபி1ஏ:2860 அல்லது இபி1ஏ:2861 என்றால் எம்பியா சிப், மாட்யூல் ‘இஎம்28எக்ஸ்எக்ஸ்’. 534டி:0021 என்றால் மேக்ரோசிலிக்கான். இதைப் பிடிப்பது வெப்கேமுக்கான அதே ‘யுவிசிவீடியோ’ ட்ரைவர். இந்த நான்கும் கெர்னலோடு வரும் ட்ரைவர்களிலேயே ஓடும். வெளியிலிருந்து எதுவும் இறக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது 1சி88:0007, சோமேஜிக் சிப். இதற்குக் கெர்னலில் ட்ரைவர் இல்லை. விண்டோஸ் ட்ரைவரிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்தெடுத்து, தனி நிரல் வைத்து ஓட்டலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கையில் கேசட் குவிந்து கிடக்கிறவர்கள் அதில் நேரம் செலவழிப்பதைவிட ஸ்டிக்கை மாற்றி வாங்குவதே மேல். கடையில் வாங்கும்போதே மடிக்கணினியைக் கொண்டுபோய்ச் செருகி எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

எம்பியா சிப்பில் ஒரு தனித் தொல்லை. இபி1ஏ:2861 பல நிறுவனங்களின் ஸ்டிக்குகளுக்குப் பொதுவான எண். கெர்னல், ‘இந்த போர்டுக்குத் தனி எண் இல்லை’ என்று சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் மற்றச் சிப்புகளைப் பார்த்து ஊகிக்கும். ஊகம் தப்பினால் படம் கறுப்பாக வரும், அல்லது இல்லாத ட்யூனரைத் தேடிக்கொண்டே இருக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, எஸ்-வீடியோ முனைகள் மட்டும் உள்ள ஸ்டிக்குக்கு ‘ஆப்ஷன்ஸ் இஎம்28எக்ஸ்எக்ஸ் கார்டு=19’ முதலில் போட்டுப் பாருங்கள்; அது ட்யூனர் இல்லாத பொது வடிவமைப்பு. டேசில் டிவிசி 100 வகை என்றால் 9.

அடுத்து, ட்ரைவர் கோளாறு போலவே தெரிந்து பலரைச் சுற்றவிடும் ஒன்று. எஸ்டிகே1160, யுஎஸ்பிடிவி இரண்டும் அமெரிக்க என்டிஎஸ்சி முறையில்தான் தொடங்கும். நம் ஊர்க் கேசட்டுகள் பால் முறை: 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள், கணினியில் 720×576. என்டிஎஸ்சியில் ஓட்டினால் படம் மேலும் கீழும் உருளும், நிறம் போய்விடும், அளவு 720×480 என்று காட்டும். ‘வி4எல்2-சிடிஎல் -டி /டெவ்/வீடியோ2 --செட்-ஸ்டாண்டர்ட்=பால்’ என்ற ஒரு வரியில் சரியாகிவிடும். ஸ்டிக்கைப் பிடுங்கிச் செருகினால் பழையபடி என்டிஎஸ்சிக்குத் திரும்பும் என்பதால், பதிவைத் தொடங்கும் ஸ்கிரிப்டின் முதல் வரியாகவே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ0 யாருக்கு

மடிக்கணினியில் வெப்கேம் இருக்கிறது. பூட் ஆகும்போதே அது ‘/டெவ்/வீடியோ0’-ஐ எடுத்துக்கொள்ளும். 4.16க்குப் பிந்தைய கெர்னல்களில் ஒரே வெப்கேம் வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு இடங்களைப் பிடிக்கும். இரண்டாவதில் படம் இருக்காது, விவரத் தரவு மட்டும்தான். திரைப்பதிவு நிரலான ஓபிஎஸ் நிறுவியிருந்தால் அதன் மெய்நிகர் கேமராவுக்கான ‘வி4எல்2லூப்பேக்’ ஒரு இடத்தைப் பிடித்திருக்கும். கேப்சர் ஸ்டிக் வீடியோ2 ஆகவோ வீடியோ3 ஆகவோ வந்து உட்காரும். பழைய நிரல்கள் வீடியோ0-ஐ மட்டுமே திறந்து பார்த்துவிட்டு ‘கார்டு இல்லை’ என்று சொல்லிவிடும்.

‘வி4எல்2-சிடிஎல் --லிஸ்ட்-டிவைசஸ்’ தட்டினால் எந்த எண் யாருடையது என்று தெரிந்துவிடும். பிடிடிவிக்கும், எம்பியா சிப்பின் ‘இஎம்28எக்ஸ்எக்ஸ்_வி4எல்’ மாட்யூலுக்கும் ‘வீடியோ_என்ஆர்=5’ என்று விருப்பம் கொடுத்து நிலையான எண் வாங்கிவிடலாம். மற்றவற்றுக்கு ‘/டெவ்/வி4எல்/’ அடைவுக்குள் இருக்கும் ‘பை-பாத்’ பெயரைப் பயன்படுத்துங்கள். அது யுஎஸ்பி துளையைப் பொறுத்தது. அதே துளையில் செருகும்வரை பெயர் மாறாது. பக்கத்தில் உள்ள ‘பை-ஐடி’ பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மலிவு ஸ்டிக்குகளில் வரிசை எண் இல்லாததால் ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக் செருகினால் பெயர் ஒன்றையொன்று அழித்துவிடும்.

வெப்கேமை ஒழித்துக்கட்ட ‘யுவிசிவீடியோ’வை பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்லும் அறிவுரை அடிக்கடி காணக் கிடைக்கும். உங்கள் ஸ்டிக் மேக்ரோசிலிக்கான் என்றால் அதோடு ஸ்டிக்கும் சேர்ந்து போய்விடும். பயாஸில் வெப்கேமை அணைக்க வசதி இருந்தால் அங்கே அணையுங்கள்.

‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்று வந்தால் ‘ஃப்யூசர் -வி /டெவ்/வீடியோ2’. திறந்து வைத்திருக்கும் நிரலின் பெயரும் எண்ணும் வரும். பெரும்பாலும் மூட மறந்த விஎல்சியாகவோ, உலாவியில் ஒரு மூலையில் கிடக்கும் வீடியோ கூட்டத் தாவலாகவோதான் இருக்கும்.

வட்டில் இடம் இருக்கும்போதே ‘இடமில்லை’ என்றால்

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்ததும் எல்லோரும் ஹார்ட்டிஸ்க்கைக் காலி செய்ய ஓடுகிறார்கள். கேப்சரைத் தொடங்கும் நொடியில் இது வந்தால், இடம் இல்லாதது யுஎஸ்பி பாதையில்.

கணக்கைப் பாருங்கள். 720×576 படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 படம்: நொடிக்கு 2 கோடியே 7 லட்சத்து 36 ஆயிரம் பைட், அதாவது 20.7 எம்பி. யுஎஸ்பி 2.0-இல் ஒரு சாதனம் இடைவிடாத ஓட்டத்துக்கு முன்பதிவு செய்யக்கூடிய உச்சமே சுமார் 24.5 எம்பிதான். ஒரு ஸ்டிக் ஓடும்போதே பாதை கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. அதே கட்டுப்பாட்டுச் சிப்பில் வெப்கேமும் ஓடினால், அல்லது இரண்டு விசிஆரை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று இரண்டு ஸ்டிக் செருகினால், இரண்டாவதாகக் கேட்பவருக்கு இடம் மறுக்கப்படும். டிமெஸ்ஜியில் ‘நாட் எனஃப் பேண்ட்வித்’ என்றும் வரும்.

‘எல்எஸ்யுஎஸ்பி -டி’ மரத்தில் இரண்டும் ஒரே பஸ்ஸின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியின் இடது, வலது துளைகள் வேறு வேறு பஸ்ஸாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பலவற்றில் எல்லாத் துளைகளும் ஒரே சிப்புக்குத்தான் போகின்றன. ஹப் வாங்கிச் செருகினால் பாதை அகலமாகாது. டெஸ்க்டாப்பில் ஒரு தனி யுஎஸ்பி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டு இரண்டாவது ஸ்டிக்கை அதில் செருகுவதுதான் நிரந்தர வழி. மேக்ரோசிலிக்கான் போன்ற யுவிசி ஸ்டிக் என்றால், தேவைக்கு மேல் பாதையைக் கேட்டு அடம்பிடிக்கும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. ‘ஆப்ஷன்ஸ் யுவிசிவீடியோ குவர்க்ஸ்=128’ என்று எழுதினால், சுருக்காத படத்துக்கு உண்மையில் எவ்வளவு வேண்டுமோ அதை ட்ரைவரே கணக்கிட்டுக் கேட்கும். எம்ஜெபெக் வடிவத்துக்கு மாற்றினாலும் பாதை மிஞ்சும். ஆனால் கேசட்டின் இரைச்சல் நிறைந்த படத்தை இரண்டு முறை சுருக்குவது நல்லதல்ல.

அதே கணக்குப்படி சுருக்காத ஒரு மணி நேரம் சுமார் 75 ஜிபி. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 224 ஜிபி. அதனால் எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் பதியுங்கள்.

பதிவின் நடுவே படம் நின்று, டிமெஸ்ஜியில் ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று இருந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமப்புற லைனில் டெஸ்க்டாப்பை யுபிஎஸ் இல்லாமல் ஓட்ட வேண்டாம். ஸ்டிக் ஒரு நொடி இறந்து பிழைத்தால் வீடியோ2 போய் வீடியோ4 ஆகத் திரும்பும். நிரல் செத்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வெளியிலிருந்து கட்டிய ட்ரைவரின் மிச்சம்

கைமாறி வந்த மெஷினில் இதைக் கட்டாயம் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் மீடியா ட்ரைவர் தொகுப்பு முழுவதையும் மூலநிரலிலிருந்து கட்டி நிறுவியிருக்கலாம். பிடிடிவி, வெப்கேம், டிவி ஸ்டிக் எல்லாமே ‘வீடியோடெவ்’, ‘வீடியோபஃப்2’ போன்ற பொது மாட்யூல்களின் மேல் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் வேறு பதிப்பாக மாற்றினால் மற்ற எல்லாம் ஆட்டம் காணும். அறிகுறி தெளிவானது: ‘அன்நோன் சிம்பல்’, அல்லது ‘டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்’. டிவி கார்டுக்காகக் கட்டியது, கார்டும் ஓடாமல் வெப்கேமும் போச்சு என்றால் காரணம் இதுதான்.

‘மாட்இன்ஃபோ -என் வீடியோடெவ்’ தட்டுங்கள். மாட்யூல் எந்தப் பாதையிலிருந்து ஏறுகிறது என்று காட்டும். பாதையில் ‘கெர்னல்’ என்று இருந்தால் நல்லது. ‘அப்டேட்ஸ்’ அல்லது ‘எக்ஸ்ட்ரா’ என்று இருந்தால் அது வெளியாள். அப்டேட்ஸ் அடைவுக்கு முன்னுரிமை உண்டு என்பதால் நல்ல மாட்யூல் இருந்தும் ஏறாது. வெளியிலிருந்து கட்டிய மாட்யூல்களை நிர்வகிக்கும் டிகேஎம்எஸ்ஸில் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பார்த்து அங்கே பதிவாகி இருந்தால் அதன் வழியாகவே நீக்குங்கள். இல்லை என்றால் அந்த அடைவில் உள்ள மீடியா மாட்யூல்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு ‘டெப்மாட் -ஏ’ கொடுங்கள். அசல் கோப்புகளையே மாற்றி எழுதியிருந்தால் கெர்னல் பொதியை மறுபடி நிறுவ வேண்டும். உபுண்டுவில் டிவி ட்ரைவர்கள் ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. அது விடுபட்டிருந்தால் பிடிடிவியே இருக்காது; மோதல் என்று நினைத்துத் தேடுவீர்கள், தேடுகிற ஆளே ஊரில் இல்லை.

செக்யூர் பூட் இயங்கும் மடிக்கணினியில் கையெழுத்தில்லாத மாட்யூல் ஏறாது. ‘கீ ரிஜெக்டட்’ அல்லது ‘ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்’ என்று வரும். கெர்னலோடு வரும் மாட்யூலையே பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது.

டிஜிட்டல் ஸ்டிக் ஒன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0பிடிஏ:2838 எண் கொண்ட ரியல்டெக் ஸ்டிக்கை ரேடியோ அலைகளைக் கேட்கும் எஸ்டிஆர் வேலைக்கு வாங்குகிறார்கள். செருகியதும் ‘டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யு’ என்ற டிவி மாட்யூல் அதைப் பிடித்துவிடும். எஸ்டிஆர் நிரல் ‘யுஎஸ்பி_கிளெய்ம்_இன்டர்ஃபேஸ் எரர் -6’ என்று நிற்கும். டிவி மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்து, ஸ்டிக்கைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும்.

சத்தம்

படம் சரியானபின் ஒலி. ‘ஏரெகார்ட் -எல்’ தட்டினால் ஒலி வாங்கும் சாதனங்களின் பட்டியல் வரும். கேப்சர் ஸ்டிக் முதலில் ஏறிவிட்டால் அதுவே 0 எண் ஒலிக்கார்டாகி, மெஷினின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஸ்டிக்கில் ஒலி வெளியே போக வழியே கிடையாது அல்லவா. ‘ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_யுஎஸ்பி_ஆடியோ இண்டெக்ஸ்=-2’ என்று எழுதினால் அது முதல் இடத்தைக் கேட்காது. எம்பியா ஸ்டிக்குகளில் சில பொதுவான யுஎஸ்பி ஆடியோ முறையிலும், சில ‘இஎம்28எக்ஸ்எக்ஸ்_அல்சா’ வழியாகவும் ஒலி தருகின்றன. டிமெஸ்ஜியில் ‘யுஎஸ்பி ஆடியோ கிளாஸ்’ என்றா ‘வெண்டர் கிளாஸ்’ என்றா வருகிறது என்று பார்த்து, அதற்குரிய மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று ‘எல்எஸ்மாட்’ மூலம் உறுதிசெய்யுங்கள்.

பல நிமிடங்கள் சரியாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல உதடும் பேச்சும் விலகினால் அது மோதல் இல்லை. படம் கேப்சர் கார்டின் படிகக் கடிகாரத்தில் ஓடுகிறது, லைன்-இன் ஒலி மதர்போர்டின் கடிகாரத்தில் ஓடுகிறது. இரண்டும் மிகச் சிறிய அளவில் வேறுபடும். ஒரு மணி நேரக் கூத்தில் அது காதுக்கும் கண்ணுக்கும் தெரிகிற அளவு வளர்ந்துவிடும். பதிவுக்குப் பயன்படும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் ஒலி வடிகட்டியாக ‘ஏரீசாம்பிள்=அசிங்க்=1000’ கொடுங்கள்; படத்தின் நேரத்துக்கு ஏற்ப ஒலியை நீட்டிச் சுருக்கி ஒட்டவைக்கும். கேசட்டை முழுசாக ஓட்டுவதற்கு முன், ஆள் பேசும் காட்சி உள்ள பகுதியில் அரை மணி நேரம் பதிந்து, அதன் கடைசி இரண்டு நிமிடங்களைப் போட்டுப் பாருங்கள்.